காலணியைக் கேட்டு வந்த பிணம்: ரத்தக்காட்டேரிப் படங்களில் நாட்டார் நம்பிக்கையும் நடிப்பும் (புனைபெயர்களில் ஐவர் பேசும் விவாதம்)

பழைய ரீல்:

1725-ஆம் ஆண்டு, ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த செர்பியாவின் கிசில்யேவோ என்ற சிற்றூரில், பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து சுமார் பத்து வாரங்கள் ஆனபின், எட்டே நாட்களில் ஒன்பது பேர் அடுத்தடுத்து மாண்டார்கள். இறந்த பிளகோயெவிச் உறக்கத்தில் வந்து தங்கள்மேல் படுத்துக் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும் தறுவாயில் சொன்னார்கள். ஊரார் வற்புறுத்தவே, கல்லறையைத் திறந்தபோது உடனிருந்த ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அலுவலர் எழுதிய அறிக்கை வியன்னா செய்தித்தாளிலும் வெளியானது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாயில் இருந்த ரத்தத்தையும் நெஞ்சில் இறக்கிய ஆப்பையும்தான் எடுத்துச் சொல்வார்கள். அறிக்கையில் வேறொரு வரி இருக்கிறது. இறந்தவருடைய மனைவி, கணவன் தன்னிடம் வந்து தன் காலணிகளைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, அந்த ஊரைவிட்டே போய்விட்டார்.

இந்தக் காலணியை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ரத்தக்காட்டேரிப் படங்கள் நாட்டார் நம்பிக்கையை எப்படிக் கையாள்கின்றன என்று பேசத் தொடங்கினால், பூண்டு இருக்கிறதா, சிலுவை இருக்கிறதா, வெயிலில் எரிகிறானா என்று பட்டியல் போடுவதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் பாதி நாட்டார் வழக்கே அல்ல. வெயில் பட்டதும் அழிந்துபோவது 1922-இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் வந்த சேர்க்கை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான்; ஆற்றல் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெளுத்த முகமும் பிரபுவின் நாகரிகமும் 1819-இல் பாலிடோரி எழுதிய கதையிலிருந்து வளர்ந்தவை. கிராமத்து அறிக்கைகளில் வரும் பிணம் வெளுத்தது அல்ல. வீங்கிச் சிவந்து, நன்றாக உண்டு கொழுத்தவனைப் போலக் கிடக்கும் உடல் அது. உடல் அழுகும்போது வயிறு காற்றால் உப்புவதும், நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்பு நீர் வாய்வழியே வெளியேறுவதும், தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்ததுபோல் தோன்றுவதும் இயல்பே என்று பால் பார்பர் 1988-இல் வெளியான தன் நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். அந்த மக்கள் தாங்கள் கண்டதைச் சரியாகத்தான் விவரித்தார்கள், காரணத்தைத்தான் வேறாகச் சொன்னார்கள் என்பது அவருடைய வாதம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது உடலின் நிறம் அல்ல, உறவு. நாட்டார் கதையில் திரும்பி வருபவன் அந்நியன் அல்லன். அவன் கணவன், தந்தை, பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு ஒரு தேவையும் இருக்கிறது. திரைப்படமோ அவனை அயல்நாட்டுக் கோட்டையில் வாழும் யாரோ ஒருவனாக்கி, அவனுக்குப் பசியை மட்டும் கொடுத்தது. பசியை மட்டும் நடிக்க வேண்டிய நடிகர் பல்லைக் காட்டலாம், கண்ணை விரிக்கலாம்; அதற்குமேல் அவருக்கு வேலையில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த தந்தையை நடிக்க வேண்டியவருக்கோ முழு நாடகமும் கையில் இருக்கிறது.

மரியோ பாவா 1963-இல் இயக்கிய 'பிளாக் சப்பத்' படத்தின் 'வுர்துலாக்' பகுதி இதற்கு நல்ல சான்று. அலெக்சேய் கான்ஸ்டான்டினோவிச் டால்ஸ்டாயின் குறுநாவலைத் தழுவியது அது. கொள்ளைக்காரன் ஒருவனை வேட்டையாடப் போகும் குடும்பத் தலைவர், ஐந்து நாட்களுக்குள் திரும்பாவிட்டால் தன்னை வீட்டுக்குள் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கெடு முடியும் அந்த மணி அடிக்கும் வேளையில் வந்து சேர்கிறார். இப்போது வந்திருப்பது தந்தையா, பிணமா? போரிஸ் கார்லாஃப் இதை நடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். குளிரில் வந்த கிழவரின் எரிச்சலும், தன் வீட்டிலேயே தன்னைச் சந்தேகிக்கிறார்களே என்ற தகப்பனின் கோபமும், பேரனை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசையும் எல்லாம் மனித இயல்பாகவே இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஓர் இழை அளவு மட்டும் கூடுதலாக இருக்கிறது. அந்த ஓர் இழைதான் நடிப்பு. பின்னர், புதைக்கப்பட்ட பேரன் இரவில் கதவுக்கு வெளியே நின்று குளிர்கிறது என்று தாயை அழைக்கிறான். தடுக்கும் கணவனைக் கொன்றுவிட்டுத் தாய் கதவைத் திறக்கிறாள். பூண்டும் சிலுவையும் செய்ய முடியாத காரியத்தை இந்தக் காட்சி செய்கிறது.

கறுப்புவெள்ளை:

நண்பர் பழைய ரீல் சொல்வதில் வரலாற்றுப் பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதிலிருந்து அவர் பெறும் முடிவு, நாட்டார் வழக்குக்கு அருகில் போனால் நடிப்பு வளம்பெறும், விலகினால் பல்லைக் காட்டுவதோடு நின்றுவிடும் என்பது, இந்த வகைப் படங்களின் மிகச் சிறந்த இரண்டு நடிகர்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாமவர் பேலா லுகோசி. 1931-இல் டாட் பிரௌனிங் இயக்கிய 'டிராகுலா'வில் நாட்டார் நம்பிக்கை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அந்தப் படம் 1927-இல் பிராட்வேயில் லுகோசியே நடித்த மேடை நாடகத்தின் வழியே வந்தது. அதில் அவருடைய கோரைப்பற்கள் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. பல்லைக் காட்டாமலேயே ஒரு நடிகர் உலகம் முழுவதும் அந்தப் பாத்திரத்தின் முகமாகிப்போனார் என்றால், அவர் நடித்தது வெறும் பசி அல்ல என்றுதானே பொருள்? விருந்தினனுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் அருந்துவதில்லை என்று சொல்லும்போது, 'மது' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள். அந்த வசனம் ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. ஹங்கேரிய நாவில் உருண்டு வரும் ஆங்கிலத்தின் தாளத்தை அவர் ஒரு குறையாக மறைக்காமல், சொல்லுக்குச் சொல் நேரம் எடுத்துக்கொள்ளும் ஒருவனின் அதிகாரமாக மாற்றினார். சாவு அவனுக்கு அவசரமில்லை என்பதை அந்த மெதுவான பேச்சே சொல்லிவிடுகிறது.

கண்ணாடியில் உருவம் தெரியாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். அது பரவியது ஸ்டோக்கர் நாவலின் வழியாகத்தான். பழைய கல்லறை அறிக்கைகளில் அது கிடையாது. ஆனால் 1931 படத்தில் காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங் சிகரெட் பெட்டியின் மூடியிலுள்ள கண்ணாடியைத் திறந்து காட்டும்போது நடப்பது என்ன? லுகோசி ஒரே வீச்சில் அதைத் தட்டிவிட்டு, உறுமும் முகத்தோடு பின்வாங்கி, அடுத்த நொடியே பிரபுவின் பணிவை மீண்டும் அணிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறார். ஒரு மனிதன் தன் முகமூடி நழுவிவிட்டதை உணர்ந்து அதைத் திரும்ப மாட்டிக்கொள்வதை அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறார். இலக்கியம் கண்டுபிடித்த விதிதான் இந்த நடிப்புக்கு இடம் கொடுத்தது.

இரண்டாமவர் கிறிஸ்டோஃபர் லீ. 1958-இல் டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய ஹாமர் நிறுவனப் படத்தில், தொடக்கத்தில் கோட்டைக்கு வரும் விருந்தினன் ஹார்க்கரோடு பேசும் சில வரிகளுக்குப் பிறகு அவருக்கு வசனமே இல்லை. முதற்காட்சியில் மாடிப்படியில் நிழலாக நின்று, இறங்கி வந்து, வேகமாகவும் தெளிவாகவும் பேசும் ஒரு நல்ல விருந்தோம்பி. அடுத்து அவரைப் பார்க்கும்போது கண்கள் சிவந்து, வாயில் ரத்தம் வழிய, மேசைமீது பாய்ந்து வரும் விலங்கு. இரண்டுக்கும் நடுவே விளக்கம் எதுவும் இல்லை. 1966-இல் வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' படத்தில் அவர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. வசனம் மோசமாக இருந்ததால் தானே பேச மறுத்ததாக லீ சொல்லிவந்தார்; வசனமே எழுதவில்லை என்று திரைக்கதையாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர் சொன்னார். எது உண்மையாயினும், உயரத்தையும் தோளின் திருப்பத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் படத்தைத் தாங்கினார். அவருக்கு எதிரே வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். 1958 படத்தின் இறுதியில் மேசைமேல் ஓடித் திரைச்சீலைகளைப் பாய்ந்து கிழித்து, இரண்டு மெழுகுவத்தித் தாங்கிகளைச் சிலுவையாகப் பிடிக்கும் அந்த மனிதர் அதை நம்புகிறார்; அவர் நம்புவதால் நாமும் நம்புகிறோம். இதில் எங்கே இருக்கிறது குடும்பமும் காலணியும்?

நடுநிசி:

இருவரும் விதிகளை ஒரே குவியலாகக் கொட்டிப் பேசுவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்று நினைக்கிறேன். எல்லா விதிகளும் நடிகருக்கு ஒரே அளவு உதவுவதில்லை. பூண்டைக் கண்டால் ஓடவேண்டும் என்ற விதி நடிகருக்கு ஒரு முகச்சுளிப்பை மட்டுமே தருகிறது. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதி அப்படி அல்ல. அது கொலைகாரனை வாசலில் நிற்கும் விண்ணப்பக்காரனாக்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய ஆற்றல் இருந்தாலும் அவன் கேட்டாக வேண்டும். கேட்பது என்பதுதான் நடிப்பின் மூலப்பொருள். கெஞ்சலாம், மயக்கலாம், மிரட்டலாம், அழலாம்.

தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008-இல் இயக்கிய 'லெட் தி ரைட் ஒன் இன்' படம் இந்த ஒரு விதியை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறது. அழைக்காமல் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று சிறுவன் ஆஸ்கர் விளையாட்டாகக் கேட்கிறான். எலி (Eli) என்ற காட்டேரிச் சிறுமி பதில் சொல்லாமல் உள்ளே வந்து நிற்கிறாள். சில நொடிகள் எதுவும் நடப்பதில்லை. பிறகு உடல் நடுங்க, கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தோலிலிருந்தும் ரத்தம் கசிகிறது. லீனா லியாண்டர்சன் அந்த நேரத்தில் வலியை நடிக்கவில்லை. 'நீ கேட்டாய், இதோ பார்' என்ற பிடிவாதத்தை நடிக்கிறார். ஓடிவந்து கட்டிக்கொண்டு உள்ளே வரலாம் என்று சொல்லும் ஆஸ்கரின் குரலில் ஒரு குழந்தை தன் கொடுமையைத் தானே கண்டு பதறுவது கேட்கிறது.

2025-இல் ரையன் கூக்ளர் இயக்கிய 'சின்னர்ஸ்' பழைய ரீல் சொன்ன உறவையும் இந்த விதியையும் ஒன்றாகப் பின்னுகிறது. 1932-இன் மிசிசிப்பியில், இசையும் நடனமும் நடக்கும் ஒரு கூடத்தின் வாசலுக்கு முதலில் அந்நியர்கள் வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது எளிது. பிறகு வருபவர்கள் சற்றுமுன் உள்ளே நம்மோடு சிரித்துக்கொண்டிருந்தவர்கள். வாசற்காவலுக்கு நின்ற மனிதனே இப்போது வெளியே நின்று, தன்னை உள்ளே விடச் சொல்லிக் கேட்கிறான். அவனுடைய பேச்சில் எதுவும் மாறவில்லை. ஆனால் அவன் காலடி எடுத்து வைக்காமல் நிற்பதுதான் மாறியிருக்கிறது. ஜாக் ஓ'கானல் நடித்த தலைமைக் காட்டேரியும் தான் உண்மையாகவே ஒரு குடும்பத்தை வழங்குவதாக நம்பிப் பேசுகிறான். அவனுடைய இனிமை பொய் அல்ல என்பதுதான் அச்சம் தருகிறது.

பழைய ரீல்:

கறுப்புவெள்ளை கேட்ட கேள்விக்கு நடுநிசியின் பகுப்பே பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது. கண்ணாடிக் காட்சி வெற்றி பெறுவது அந்த விதி பாத்திரத்தை ஒன்றை மறைக்கும்படி கட்டாயப்படுத்துவதால். மறைப்பதும் கேட்பதும் நடிக்கத்தக்கவை. அந்த விதி நூலிலிருந்து வந்ததா, ஊரிலிருந்து வந்ததா என்பது இரண்டாம் கேள்வி. ஆனால் ஊரிலிருந்து வந்த விதிகளில் இத்தகையவை அதிகம் என்பதை மட்டும் வற்புறுத்துவேன். கிரேக்கத் தீவுகளில் 'வ்ரிகோலாகஸ்' என்ற திரும்பிவரும் பிணம் வீட்டு வாசலில் ஒருமுறை தட்டும். முதல் தட்டலுக்கு மறுமொழி கொடுக்காதவர்கள் பிழைப்பார்கள் என்பது வழக்கு. ஒரே ஒருமுறை தட்டிவிட்டுக் காத்து நிற்பவனாக ஒரு நல்ல நடிகரை நிறுத்திப் பாருங்கள். இவ்வளவு இருந்தும் திரைப்படம் எடுத்துக்கொண்டது வெளவாலையும் மேலங்கியையும்தான்.

மூன்றாம் வரிசை:

இந்த விவாதம் முகத்தையும் குரலையும் சுற்றியே போகிறது. இறந்த உடலை நடிப்பது முதலில் உடலின் வேலை. அதற்கு ஐரோப்பாவை விட்டு வெளியே வரவேண்டும்.

ரிக்கி லாவ் 1985-இல் ஹாங்காங்கில் இயக்கிய 'மிஸ்டர் வாம்பயர்' படத்தில் வரும் 'ஜியாங்ஷி', விறைத்த பிணம். மூட்டுகள் மடங்காத காரணத்தால் அது நடக்க முடியாது. கைகளை முன்னால் நீட்டியபடி குதித்துக் குதித்துத்தான் வரும். வெளியூரில் இறந்தவர்களை, தாவோயிச் சடங்காளர் இரவில் வரிசையாக நடத்தி அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற பழைய நம்பிக்கையோடு இது பின்னப்பட்டது. நெற்றியில் ஒட்டிய மஞ்சள் தாள் இருக்கும்வரை அடங்கி நிற்கும். மூச்சை வைத்துத்தான் மனிதரைக் கண்டுபிடிக்கும். மூச்சை அடக்கினால் அதற்கு நீங்கள் அங்கே இல்லை. இந்த ஒரு விதி எத்தனை காட்சிகளுக்கு உயிர் கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! இருவர் முகத்தோடு முகம் நிற்கிறார்கள். ஒருவர் பிணம், அசையக்கூடாது. மற்றவர் உயிருள்ளவர், அவரும் அசையக்கூடாது. நகைச்சுவையும் அச்சமும் ஒரே நுரையீரலில் அடைபட்டுக் கிடக்கின்றன.

பிணமாக நடித்தவர் யுவன் வா. சடங்காளராக நடித்தவர் லாம் சிங்-யிங். இருவரும் சிறுவயதிலேயே சீன ஓபெராப் பயிற்சி பெற்றவர்கள். முழங்காலை மடக்காமல் மேலெழும்பி, தலை ஆடாமல் இறங்க வேண்டும் என்றால், பயிற்சி இல்லாத நடிகர் இரண்டாவது குதிப்பிலேயே வேடிக்கைப் பொருளாகிவிடுவார். யுவன் வா அப்படி ஆவதில்லை. அவருடைய குதிப்பில் எடை இருக்கிறது. லாம் சிங்-யிங்கோ சுற்றிலும் எல்லோரும் கோமாளித்தனம் செய்யும்போது ஒரு கணமும் சிரிக்காமல், தொழில் தெரிந்த மனிதரின் அலுப்போடு எல்லாவற்றையும் செய்கிறார். சவப்பெட்டியின்மேல் மையும் ரத்தமும் கலந்த நூலால் கோடுகள் அடிக்கச் சொல்லி அவர் சீடர்களிடம் விடுகிறார். அவர்கள் பெட்டியின் அடிப்பகுதியை மறந்துவிடுகிறார்கள். படத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு கவனக்குறைவிலிருந்து கிளம்புகிறது.

பழைய ரீலுக்கு ஒரு செய்தி: பெட்டியிலிருந்து வெளியேறும் அந்தப் பிணம் முதலில் தேடிப்போய்க் கொல்வது தன் சொந்த மகனை.

கறுப்புவெள்ளை:

இது என் பக்கத்துக்கும் உதவுகிறது. அந்தப் பிணத்துக்கு மகன்மேல் அன்போ கோபமோ இருப்பதாக யுவன் வா எதையும் காட்டுவதில்லை. உறவு கதையில் இருக்கிறது. நடிப்பில் இருப்பது தூய விறைப்பு. அது போதுமானதாகவும் இருக்கிறது.

வெள்ளித்திரை ஓரம்:

'நோஸ்ஃபெராட்டு' மூன்று முறையேனும் எடுக்கப்பட்டிருப்பதால், நாம் பேசும் இரண்டு பொருள்களையும் ஒரே கதையில் ஒப்பிட வசதியிருக்கிறது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் தொடர்ந்த வழக்கில் 1922 படத்தின் படிகளை அழிக்க நீதிமன்றம் ஆணையிட்டும் அது தப்பிப் பிழைத்ததால்தான் இந்த வசதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1922 படத்தில் மாக்ஸ் ஷ்ரெக் நடித்த காட்டேரி ஓர்லாக், பிளேகைச் சுமந்து வருபவன். எலிகள், கப்பல், தெருவில் வரிசையாகப் போகும் சவப்பெட்டிகள் ஆகியவை நாட்டார் வழக்கின் சாரத்தைப் பிடித்துவிடுகின்றன. ஏனென்றால் காரணம் தெரியாத கொள்ளைநோய்ச் சாவுகளுக்கு ஒரு முகம் கொடுக்கத்தான் கிராமங்கள் கல்லறைகளைத் தோண்டின. ஷ்ரெக் நோய்க்கு முகமாக நடிக்கிறார். அந்த முகத்தில் மனநிலை எதுவும் இல்லை. கப்பலின் அடித்தளத்தில் சவப்பெட்டியிலிருந்து விறைப்பாக நிமிர்ந்தெழும் காட்சியில் நடிகரும் தந்திரக்காட்சியும் எங்கே பிரிகிறார்கள் என்று சொல்ல இயலாது.

1979-இல் வெர்னர் ஹெர்ட்சாக் அதே வழுக்கைத் தலையையும் நீண்ட நகங்களையும் கிளாஸ் கின்ஸ்கிக்குக் கொடுத்தார். ஆனால் கின்ஸ்கி நோயாக நடிக்கவில்லை, நோயாளியாக நடித்தார். சாக முடியாமல் நூற்றாண்டுகளாக ஒரே அற்ப வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதன் அலுப்பு அவருடைய முணுமுணுப்பில் இருக்கிறது. இசபெல் அட்ஜானியிடம் அன்பில் ஒரு பங்கு கேட்கும் காட்சியில், படப்பிடிப்புத் தளங்களில் கூச்சலுக்குப் பேர்போன அந்த நடிகர் கிட்டத்தட்ட மூச்சாலேயே பேசுகிறார். நடுநிசி சொன்ன 'கேட்பவன்' இவன்தான் என்பேன்.

2024-இல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்தது நாட்டார் வழக்கு அறிவில் மூன்றிலும் முன்னிற்கிறது. கன்னிப் பெண்ணைக் குதிரைமேல் ஏற்றிக் கல்லறைகளுக்கு நடுவே கொண்டுபோய்க் காட்டேரியின் குழியைக் கண்டுபிடிக்கும் சடங்கு அதில் இருக்கிறது. ஓர்லாக் கழுத்தைக் கடிப்பதில்லை. நெஞ்சில் வாய்வைத்துக் குடிக்கிறான். நெஞ்சின்மேல் ஏறி அழுத்தும் பிணத்தைப் பற்றிய பழைய சாட்சியங்களுக்கு இது நெருக்கமானது. அவனுக்கு மீசை உண்டு, அழுகிய தோல் உண்டு; அழிந்துபோன பண்டைய டாசிய (Dacian) மொழியை மீளுருவாக்கி அவனைப் பேசவைத்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை கவனத்தின் நடுவே பில் ஸ்கார்ஸ்கார்ட் என்ற நடிகர் எனக்குக் கிடைக்கவில்லை. ஒப்பனையும் இருட்டும் சேர்ந்து அவரை ஒரு தொல்பொருளாக்கிவிட்டன. அந்தப் படத்தின் நடிப்பு முழுவதும் லிலி-ரோஸ் டெப்பிடம் இருக்கிறது. உடல் வில்லாக வளைந்து, விழி மேலேறி, வாய் தன் விருப்பமின்றித் திறப்பதை அவர் ஜப்பானிய 'புட்டோ' நடனத்தின் துணையோடு பயின்று செய்திருக்கிறார். காட்டேரியை நம்பவைப்பது காட்டேரி அல்ல, கடிபட்டவர் என்ற பழைய உண்மை இது. 1931-இலேயே, டிராகுலாவின் அடிமையாகிவிடும் ரென்ஃபீல்டாக நடித்த ட்வைட் ஃப்ரை அதைச் செய்துகாட்டினார். கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே பார்த்து, வாயைத் திறக்காமலேயே அவர் சிரிக்கும் சிரிப்பில் டிராகுலா என்னவெல்லாம் செய்திருப்பான் என்பது முழுவதும் இருக்கிறது.

நடுநிசி:

ஸ்கார்ஸ்கார்ட் பற்றிய தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். அவர் முகத்தால் நடிக்கவில்லை என்பது சரி, குரலால் நடித்திருக்கிறார். தன் குரலைக் கீழே இறக்குவதற்காக ஓபெராப் பாடகர் ஒருவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சொற்றொடருக்கு முன்னும் காற்றை உள்ளே இழுப்பதற்கு அந்தப் பிணம் படும் பாட்டைக் கேளுங்கள். மூச்சு தேவைப்படாத உடல், பேசுவதற்காக மட்டும் மூச்சை வரவழைக்கிறது. எக்கர்ஸின் ஆராய்ச்சி சொல்லாத ஒன்றை அந்த இழுப்பு சொல்கிறது.

குரலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மேலே நான் பாராட்டிய எலியின் குரல் லீனா லியாண்டர்சனுடையது அல்ல. எலிஃப் செய்லான் என்பவரின் தாழ்ந்த குரலைப் பின்னர் சேர்த்தார்கள். சிறுமியின் முகத்திலிருந்து வயது சொல்ல முடியாத குரல் வருகிறது. பார்ப்பவருக்கு என்ன பிசகு என்று புரிவதில்லை, ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்துகொண்டே இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 1994-இல் நீல் ஜோர்டனின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' படத்தில் கிளாடியாவாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்ட் எந்த உதவியும் இல்லாமல் அந்த முரணைத் தானே சுமந்தார். வெட்டிய சுருள்முடி அப்படியே திரும்ப வளர்ந்துவிட்டதைக் கண்டு அவர் அலறும்போது, வளரவே முடியாத ஓர் உடலுக்குள் முதிர்ந்த பெண் ஒருத்தி சிறைப்பட்டிருப்பது தெரிகிறது. உடனிருந்த டாம் குரூஸும் பிராட் பிட்டும் அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

பழைய ரீல்:

காலணிக்கு மிக அருகில் வந்த படம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 1973-இல் யுகோஸ்லாவியத் தொலைக்காட்சிக்காக ஜோர்ஜே கதியேவிச் எடுத்த 'லெப்டிரிட்சா' என்பதே என் விடை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மிலோவான் கிளிஷிச் 1880-இல் எழுதிய கதையைத் தழுவியது. சாவா சாவனோவிச் என்ற, செர்பியர் எல்லோரும் அறிந்த காட்டேரி, தண்ணீர் ஆலையில் இரவு தங்கும் மாவரைப்பவர்களைக் கொல்கிறான். ஆலை ஓடாவிட்டால் ஊருக்கு ரொட்டி இல்லை. ஆகவே காதலுக்குத் தடையாக நிற்கும் பெண்ணின் தந்தையோடு மோதிக்கொண்டிருக்கும் ஏழை இளைஞன் ஒருவனை அங்கே வேலைக்கு அனுப்புகிறார்கள். கோட்டையும் இல்லை, பிரபுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, குடித்து, வாதாடி, பழைய கல்லறை எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஒரு காது கேளாத கிழவியிடம் போய்க் கத்துகிறார்கள். அந்த நடிகர்கள் இதைப் பேய்ப்படமாக நடிக்கவில்லை, ஊர் நகைச்சுவையாக நடிக்கிறார்கள். ஆப்பு இறங்கும்போது சவப்பெட்டியிலிருந்து ஒரு பட்டாம்பூச்சி வெளியேறிவிடுவதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் விலை திருமண இரவில் தெரிகிறது. மணப்பெண்ணாக நடித்த மிர்யானா நிகோலிச் அதுவரை படத்தில் வெண்மையும் அமைதியுமாக மட்டுமே இருந்திருக்கிறார். அந்த அமைதியில் எதுவும் சூசகமாகக்கூடக் காட்டப்படவில்லை என்பதைத்தான் நான் நடிப்பின் துணிவு என்பேன். நாட்டார் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபின் காட்டேரியாவார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது அல்லவா?

கறுப்புவெள்ளை:

'லெப்டிரிட்சா'வை ஏற்றுக்கொள்கிறேன்; அதன் எதிர்முனையில் ஜார்ஜ் ரொமேரோவின் 'மார்ட்டின்' படத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 1970-களின் பிற்பகுதி, பென்சில்வேனியாவில் தொழில் நசிந்துபோன ஒரு சிறு நகரம். மார்ட்டின் என்ற இளைஞனுக்குக் கோரைப்பல் இல்லை. மயக்க ஊசி போட்டு, சவரக் கத்தியால் கீறித்தான் ரத்தம் குடிக்கிறான். அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் கிழவர் குடா, பழைய நாட்டிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கையோடு, இவன் குடும்பத்தின் சாபம் என்று உறுதியாக இருக்கிறார். கதவில் பூண்டுமாலை கட்டுகிறார். மார்ட்டின் அந்தப் பூண்டைக் கடித்துத் தின்று காட்டுகிறான், சிலுவையை எடுத்து முகத்தில் தேய்த்துக்கொள்கிறான். மந்திரம் எதுவும் கிடையாது என்று கிழவருக்குப் பாடம் நடத்துகிறான். நாம் இங்கே பேசிய விதிகள் எல்லாம் ஒரே காட்சியில் உடைந்துவிடுகின்றன.

ஜான் ஆம்ப்ளாஸின் நடிப்பைப் பலரும் பாராட்டியிருக்கிறார்கள். கொலைக்கு நடுவே தடுமாறும் அந்தக் கூச்சமும், வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசும்போது வரும் சோர்ந்த நேர்மையும் பாராட்டுக்குரியவைதான். ஆனால் என் கண்ணில் அந்தப் படத்தைத் தாங்குபவர் குடாவாக நடித்த லிங்கன் மாசெல். அவர் வெறியனாக நடிக்கவில்லை. வீட்டுப் பொறுப்புள்ள முதியவராக, வெள்ளை உடையில், மரியாதையோடு, மளிகைக் கடை நடத்திக்கொண்டு, முதலில் உன் ஆன்மாவைக் காப்பாற்றுவேன், பிறகு உன்னை அழிப்பேன் என்று வேலைத் திட்டம்போல அறிவிக்கிறார். இறுதியில் மார்ட்டின் செய்யாத ஒரு சாவுக்காக, உறங்கிக்கொண்டிருப்பவனின் நெஞ்சில் ஆப்பை இறக்குகிறார். கிசில்யேவோவில் கல்லறையைத் தோண்டியவர்களும் தங்களைக் கொடியவர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவரை நடிக்கச் சொன்னால் எப்படி நடிக்க வேண்டும் என்பதற்கு மாசெலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பழைய ரீல் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால், குடாவின் பக்கத்தில் கார்லாஃபை நிறுத்திப் பார்த்து, எது வலுவானது என்று சொல்லட்டும். நான் மாசெலுக்கே வாக்களிப்பேன்.